ஆறு பைட்டில் எட்டு கேலக்ஸிகள்

23114, 584, 46931. இந்த மூன்றையும் கூட்டினால் 70629. அதிலிருந்து 65536-ஐக் கழித்தால் 5093. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் கைவரும் இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டே 2048 உலகங்கள் கொண்ட ஒரு விண்வெளியைக் கட்டினார்கள் இரண்டு மாணவர்கள். அவர்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜீசஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த டேவிட் பிரேபனும் இயான் பெல்லும். அவர்கள் எழுதிய கணினி விளையாட்டின் பெயர் ‘எலீட்’. 1984 செப்டம்பரில் ஏகார்ன்சாஃப்ட் நிறுவனம் அதை வெளியிட்டது.

இன்று ‘ஓப்பன் வேர்ல்டு’ என்று அழைக்கப்படும் விளையாட்டுகளுக்கெல்லாம் எலீட் முன்னோடி. கையில் 100 கிரெடிட் பணம், ‘கோப்ரா மார்க் 3’ என்ற சிறு விண்கலம், லேவ் என்ற கோளைச் சுற்றும் ஒரு விண்நிலையம். ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் மூலதனம் அவ்வளவுதான். இன்ன இடத்துக்குப் போ, இன்னாரை வெல் என்று யாரும் கட்டளையிடுவதில்லை. தானியம் வாங்கி விற்கலாம், கொள்ளையரை வேட்டையாடிப் பரிசுப்பணம் வாங்கலாம், நீங்களே கொள்ளையராகவும் மாறலாம். அடுத்த கட்டம் என்ற ஒன்று இல்லை. ஆட்டம் முடிந்தது என்ற அறிவிப்பும் இல்லை. பிரேபனும் பெல்லும் இதை முதலில் காட்டியது தார்ன் இஎம்ஐ நிறுவனத்திடம். ஆட்டக்காரருக்கு மூன்று உயிர் வேண்டும், மதிப்பெண் வேண்டும், பத்து நிமிடத்தில் ஆட்டம் முடிய வேண்டும் என்று கேட்டு அந்நிறுவனம் இதைத் திருப்பி அனுப்பியதாகப் பிரேபன் பிற்காலத்தில் சொன்னார். காசு போட்டு ஆடும் கடை எந்திரங்கள் வகுத்த இலக்கணம் அது.

எலீட்டை இப்போது எமுலேட்டர் வழியாக எந்த மடிக்கணினியிலும் ஓட்டலாம். ஆடிப் பார்ப்பதைவிடப் பிரித்துப் பார்ப்பதில்தான் எனக்கு இன்பம் அதிகம். இயான் பெல் மூல நிரலைத் தன் இணையதளத்தில் வெளியிட்டுவிட்டார். மார்க் மாக்சன் என்பவர் அதற்கு வரிக்கு வரி உரை எழுதியிருக்கிறார். அந்த உரையோடு நிரலைப் படிக்கும்போது, இன்றைய பெரும் விளையாட்டுகள் தடுமாறும் ஒரு கேள்விக்கு 1984-இலேயே பாதி விடை இருந்தது தெரிகிறது. ஒரு கணினி எத்தனை உலகங்களைப் படைக்க முடியும் என்பதல்ல அந்தக் கேள்வி. படைத்தவற்றில் எத்தனை நமக்கு வெவ்வேறாகத் தோன்றும் என்பதுதான்.

இடமில்லாத வீடு

எலீட் பிறந்த எந்திரம் பிபிசி மைக்ரோ. பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிறுவனத்தின் கணினிக் கல்வித் திட்டத்துக்காகக் கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் செய்த கணினி அது. 1984-இல் தொடங்கிய ‘கிளாஸ்’ என்ற மத்திய அரசுத் திட்டத்தின் வழியாக இந்தியப் பள்ளிகளுக்கு வந்ததும் இதே எந்திரம்தான். இதைச் செய்தவர்களே அடுத்து உருவாக்கிய ‘ஆர்ம்’ செயலியின் வழிவந்தவைதான் இன்று நம் செல்பேசிகளில் ஓடுகின்றன.

பிபிசி மைக்ரோவின் மொத்த நினைவகம் 32 கிலோபைட். திரையில் தெரியும் படத்துக்கும் இயக்க மென்பொருளுக்கும் பங்கு கொடுத்தது போக, எலீட்டுக்கு ஏறத்தாழ 22 கிலோபைட் மிஞ்சியது. விண்கலங்களின் வடிவம், போர், வணிகம், வரைபடம் எல்லாம் அதற்குள் அடங்கியாக வேண்டும்.

இப்போது 2048 உலகங்களைப் பட்டியலாக எழுதிவைப்பதாகக் கொள்வோம். பெயருக்கு எட்டு எழுத்து, இருப்பிடம், ஆட்சிமுறை, பொருளாதாரம், மக்கள்தொகை என்று ஓர் உலகத்துக்கு வெறும் 15 பைட் ஒதுக்கினாலும் 30 கிலோபைட் ஆகிவிடும். பட்டியல் ஒன்றே வீட்டைவிடப் பெரிது. எனவே பட்டியலே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். உலகங்களைச் சேமிப்பதற்குப் பதில், தேவைப்படும் நொடியில் கணக்கிட்டு எடுப்பது என்பது அவர்கள் கண்ட வழி.

பெயர் பிறக்கும் விதம்

எலீட்டின் 2048 உலகங்கள், கேலக்ஸிக்கு 256 வீதம் எட்டு கேலக்ஸிகளாகப் பிரிந்திருக்கின்றன. முதல் வரியில் வந்த மூன்று எண்கள்தான் முதல் கேலக்ஸியின் விதை. ஒவ்வொன்றும் 16 பிட், அதாவது இரண்டு பைட். மூன்றும் சேர்ந்தால் ஆறு பைட். விதி இதுதான்: மூன்றையும் கூட்டு, வந்த விடையைக் கடைசியில் சேர், முதல் எண்ணைக் கைவிடு. முந்தைய இரண்டைக் கூட்டினால் ஃபிபனாச்சி வரிசை வரும். இது முந்தைய மூன்றைக் கூட்டும் அதன் உறவுக்கார வரிசை. 16 பிட் எண் 65535-ஐத் தாண்டினால் நிரம்பி வழிந்து மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதனால்தான் 70629 என்பது 5093 ஆனது.

அடுத்தடுத்த எண்களை எழுதிப் பார்ப்போம்: 46931, 5093, 52608, 39096. ஒவ்வொன்றையும் 256-ஆல் வகுத்து ஈவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஈவை 32-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். 23, 19, 13, 24 என்று வரும். நிரலுக்குள் ஈரெழுத்துத் துண்டுகள் கொண்ட ஒரு சிறு அட்டவணை இருக்கிறது. அதில் 23-க்கு ‘தி’, 19-க்கு ‘பெ’, 13-க்கு ‘டி’, 24-க்கு ‘எட்’ என்ற ஒலிகள் கிடைக்கின்றன. சேர்த்தால் ‘திபெடியெட்’. முதல் கேலக்ஸியின் முதல் உலகத்துக்கு அதுதான் பெயர்.

இப்படி நான்கு சுற்று முடிந்ததும் கையில் 52608, 39096, 31261 என்ற மூன்று எண்கள் இருக்கும். அவை அடுத்த உலகத்தின் விதை. முதல் எண்ணில் உள்ள ஒரு பிட், பெயருக்கு மூன்று துண்டா நான்கா என்று தீர்மானிக்கும், இம்முறை மூன்று. மீதிகள் 26, 0, 19. பூஜ்யம் வந்தால் அந்தத் துண்டு கிடையாது. 26-க்கு ‘க்யூ’, 19-க்கு ‘பெ’. இரண்டாம் உலகம் ‘க்யூபெ’. தாளும் பென்சிலும் இருந்தால் 256-ஆவது உலகம் வரை நீங்களே போகலாம்.

முதல் கேலக்ஸி முடிந்ததும் விதையின் ஒவ்வொரு பைட்டிலும் உள்ள எட்டு பிட்களை ஓரிடம் இடப்பக்கம் சுழற்றினால் அடுத்த கேலக்ஸியின் விதை கிடைக்கும். எட்டு முறை சுழற்றினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துசேரும். எட்டு கேலக்ஸிகள் என்ற கணக்கு அங்கே பிறக்கிறது.

இந்த முறையில் படைத்தவர்களுக்கே தாங்கள் எதைப் படைத்தோம் என்று முன்கூட்டித் தெரியாது. விதையைப் போட்டு, முளைத்ததைப் பார்த்து, பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் வேறு விதை தேடலாம். ஒரு கேலக்ஸியில் அவையில் சொல்லத்தகாத ஆங்கிலச் சொல்லொன்று கோளின் பெயராக வந்து நின்றது. அந்த ஒரு சொல்லுக்காக அந்தக் கேலக்ஸி முழுவதையும் ஒதுக்கிவிட்டார்கள். ஒரே ஒரு பெயரை மட்டும் மாற்றுவதற்கு அங்கே பட்டியல் ஏதும் இல்லையே.

எண்ணுக்கு உயிர் வரும் இடம்

விதையிலிருந்து பெயர் எடுப்பது வித்தைதான், ஆனால் பெயர் மட்டும் உலகமாகிவிடாது. எலீட்டின் கெட்டிக்காரத்தனம் அடுத்த படியில் இருக்கிறது. விதையின் சில பிட்கள் ஆட்சிமுறையைச் சொல்கின்றன: 0 என்றால் அராஜகம், 3 என்றால் சர்வாதிகாரம், 7 என்றால் பெருநிறுவன ஆட்சி. வேறு மூன்று பிட்கள் பொருளாதாரத்தைச் சொல்கின்றன: 0 வளமான தொழில் நாடு, 7 ஏழை வேளாண் நாடு. இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியாமல் இருந்தால் பகடை உருட்டியதற்கும் இதற்கும் வேறுபாடு இருக்காது. எனவே ஒரு நிபந்தனை வைத்தார்கள்: அராஜகமோ நிலப்பிரபுத்துவமோ நிலவும் இடத்தில் வளமான பொருளாதாரம் இருக்கக் கூடாது. நிரலில் அதற்கு ஒரே ஒரு பிட்டை மாற்றினால் போதும்.

அதற்கு மேல் எல்லாமே சங்கிலியாக வருகிறது. தொழில் பெருக்கமும் நிலையான ஆட்சியும் தொழில்நுட்ப நிலையை உயர்த்தும். தொழில்நுட்பம், பொருளாதாரம், ஆட்சி மூன்றும் சேர்ந்து மக்கள்தொகையைத் தீர்மானிக்கும். லேவ் சர்வாதிகார ஆட்சியில் உள்ள வளமான வேளாண் உலகம். ஆட்சி எண் 3, பொருளாதார எண் 5, தொழில்நுட்ப எண் 4. தொழில்நுட்பத்தை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் சேர்த்து, ஒன்றைக் கூட்டினால் 25. ஓர் அலகு பத்துக் கோடி. ஆக லேவின் மக்கள்தொகை 250 கோடி.

சந்தை விலையும் இதே கயிற்றில் கட்டப்பட்டிருக்கிறது. வேளாண் உலகில் உணவு மலிவு, கணினி விலை அதிகம். தொழில் உலகில் நேர்மாறு. அராஜக உலகத்தை நெருங்கினால் கொள்ளையர் வருவதற்கான வாய்ப்பும் கூடும். ரீட்குவாட் என்ற பெயரை அந்தக் கால ஆட்டக்காரர்கள் இன்றும் நினைவு வைத்திருப்பதற்குக் காரணம், அந்த ஒலியில் உள்ள கவர்ச்சியல்ல. அங்கே போனவர்கள் பலர் சரக்கையும் கலத்தையும் இழந்தார்கள். எங்கோ ஒரு மூன்று பிட் எண்ணின் மதிப்பு பூஜ்யம் என்பது ஆட்டக்காரர் மனதில் அச்சமாக மாறுகிறது.

இன்னொரு கட்டுப்பாடு எரிபொருள். ஒரே தாவலில் ஏழு ஒளியாண்டுக்கு மேல் போக முடியாது. ஒரு கேலக்ஸியின் அகலம் ஏறத்தாழ 102 ஒளியாண்டு, உயரம் அதில் பாதி. அதில் 256 உலகங்கள் பரவலாகச் சிதறிக் கிடந்தால், ஏழு ஒளியாண்டு வட்டத்துக்குள் சராசரியாக ஏழெட்டு அண்டை உலகங்கள் அமையும் என்று கணக்கு சொல்கிறது, விளிம்புகளில் குறையும். சிதறிய புள்ளிகள் எப்போது ஒரே வலையாக இணையும் என்பதை ஆராயும் துறைக்குக் கசிவுக் கோட்பாடு என்று பெயர். சமதளத்தில் ஒரு புள்ளிக்குச் சராசரியாக நாலரை அண்டைப் புள்ளிகள் என்ற வரம்பைத் தாண்டினால் பெருவலை உருவாகும் என்று அது காட்டுகிறது. எலீட்டின் எண் அந்த வரம்புக்கு மேலே இருக்கிறது, ஆனால் வெகு தொலைவில் இல்லை. அதனால் கேலக்ஸியின் பெரும்பகுதியைத் தாவித் தாவியே கடக்கலாம். ஆனாலும் ஓட்டைகளும் முட்டுச்சந்துகளும் ஒற்றைப் பாலங்களும் இருக்கும். வழி தேடுவது ஒரு சிக்கலாக இருப்பதால்தான் புள்ளிகளின் கூட்டம் நிலப்பரப்பாகத் தோன்றுகிறது.

பெருக்கத் தெரியாத செயலி

கண்ணுக்குத் தெரியும் பகுதியிலும் இதே சிக்கனம். பிபிசி மைக்ரோவின் 6502 செயலிக்குப் பெருக்கல் கட்டளையே கிடையாது. கூட்டியும் இடம் மாற்றியும்தான் பெருக்க வேண்டும். முப்பரிமாணப் பொருளைச் சுழற்ற சைன், கோசைன் மதிப்புகளால் பல முறை பெருக்க வேண்டியிருக்கும். நொடிக்கு 20 லட்சம் துடிப்பு கொண்ட செயலிக்கு அது பெரும் பாரம்.

கோணம் மிகச் சிறியதானால் அதன் சைன் அந்தக் கோணத்துக்கே ஏறத்தாழச் சமம், கோசைன் ஒன்றுக்குச் சமம். ஒவ்வொரு படத்துக்கும் கலம் சிறிதளவே திரும்புவதால் இந்தத் தோராயம் போதும். ஓர் ஆயத்தில் சிறு மாற்றம் செய்துவிட்டு, அந்தப் புதிய மதிப்பைக் கொண்டே அடுத்த ஆயத்தை மாற்றினால் பிழைகள் குவிந்து பொருள் ஊதிப் பெருக்காது. இது மார்வின் மின்ஸ்கியின் பெயரால் அறியப்படும் உத்தி. அப்படியும் சேரும் கோணலை அவ்வப்போது நேராக்க ஒரு தனி நிரல்துண்டு உண்டு.

வேறொரு தந்திரம்: ஆட்டக்காரரின் கலம் நகர்வதே இல்லை. ஆயத்தொகுப்பின் நடுப்புள்ளியில் அது அசையாமல் நிற்க, மற்ற எல்லாம் அதைச் சுற்றித் திரும்புகின்றன. கம்பிச் சட்டங்களாக வரையப்படும் கலங்கள் எல்லாப் பக்கமும் புடைத்த வடிவங்கள் என்பதால், நம்மைப் பார்க்காத முகங்களைக் கண்டுபிடித்து அவற்றின் விளிம்புகளை விட்டுவிட்டாலே திடப்பொருள் போலத் தோன்றும். திரையின் அகலம் 256 புள்ளி. ஏனென்றால் 0 முதல் 255 வரை ஒரே பைட்டில் அடங்கும். மேல்பகுதி கறுப்பு வெள்ளையில் துல்லியமாகவும், கீழே உள்ள கருவிப் பலகை நான்கு நிறத்திலும் தெரிய, நொடிக்கு ஐம்பது தடவை, திரை வரையப்படும்போதே இடையில் காட்சி முறையை மாற்றினார்கள்.

கணக்கு கசியும் இடங்கள்

1965-இல் ரஷ்யக் கணிதவியலாளர் ஆந்த்ரே கொல்மகோரவ் தகவலை அளக்க ஒரு வழி சொன்னார். ஒரு பொருளின் சிக்கல் என்பது, அதை அப்படியே உருவாக்கித் தரக்கூடிய மிகச் சிறிய நிரலின் நீளம். π (பை) என்ற எண்ணின் பத்து லட்சம் இலக்கங்கள் பார்வைக்கு ஒழுங்கே இல்லாதவை. ஆனால் அவற்றைத் தரும் நிரல் சிறியது. எனவே அவற்றில் உள்ள தகவல் கொஞ்சம்தான். அதே நீளத்துக்கு நாணயம் சுண்டிக் கிடைத்த வரிசையைச் சுருக்க வழி கிடையாது.

எலீட்டின் 2048 உலகங்களை இந்த அளவுகோலில் நிறுத்தினால், அவற்றில் உள்ள தகவல் ஆறு பைட் விதையும் ஒரு குறு நிரலும் மட்டுமே. அந்தக் குறைவு எங்காவது வெளிப்பட்டாக வேண்டும், வெளிப்படவும் செய்கிறது. மூன்றைக் கூட்டும் வரிசையின் எண்களை 2-ஆல் வகுத்தால் வரும் மீதிகள் நான்கு படிக்கு ஒருமுறை திரும்ப வரும். 4-ஆல் வகுத்தால் எட்டுப் படி, 8-ஆல் வகுத்தால் பதினாறு. இப்படி இரட்டித்துக்கொண்டே போனால், 256-ஆல் வகுத்த மீதிகள் 512 படிக்கு ஒருமுறை திரும்பும். ஓர் உலகத்துக்கு நான்கு படி என்பதால் 128 உலகங்களுக்கு ஒருமுறை. ஆட்சிமுறை எழுதப்பட்டிருப்பது அந்த மீதியில், அதாவது எண்ணின் கீழ் பைட்டில்தான். எனவே கேலக்ஸியின் முதல் பாதியில் வரும் ஆட்சிமுறைகளின் வரிசை இரண்டாம் பாதியில் அச்சுப் பிசகாமல் திரும்ப வருகிறது. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் லேவ் 7-ஆவது உலகம். 135-ஆவது உலகமும் சர்வாதிகாரம்தான்.

வரைபடத்தில் மேலும் கீழுமான இருப்பிடத்தைச் சொல்லும் பைட்டும், பொருளாதாரத்தைச் சொல்லும் மூன்று பிட்களும் ஒரே இடத்திலிருந்து எடுக்கப்பட்டவை. அராஜகத்துக்கான திருத்தத்தை ஒதுக்கிவிட்டால், ஒரே கிடைக்கோட்டில் கிடக்கும் உலகங்களுக்கெல்லாம் ஒரே பொருளாதாரம். ஆண்டுக்கணக்கில் ஆடியவர்கள்கூட இதைக் கவனித்திருக்க வாய்ப்பு குறைவு. 256 உலகங்களுக்குள் இந்த ஒழுங்கு கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது.

இன்னும் நிறைய உலகங்கள் இருந்திருந்தால்? பிரேபனும் பெல்லும் முதலில் திட்டமிட்டது 2-இன் 48-ஆம் அடுக்கு கேலக்ஸிகள். ஏறத்தாழ 281 லட்சம் கோடி. ஆறு பைட்டில் 48 பிட் உண்டு, ஒவ்வொரு விதைக்கும் ஒரு கேலக்ஸி, கூடுதல் செலவு எதுவும் இல்லை. ஏகார்ன்சாஃப்ட்தான் தடுத்தது. அத்தனை பெரிய எண், எல்லாமே கணக்கு என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவர்கள் அஞ்சினார்கள். எட்டு போதும் என்று முடிவானது. விளம்பரத்துக்கு உகந்த எண்ணைப் பதிப்பாளரே வேண்டாமென்று சொன்ன அபூர்வ நிகழ்ச்சி இது. அவர்கள் சொன்னது சரியும்கூட.

கஞ்சிக் கிண்ணங்கள்

முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து அந்த அச்சம் மெய்யானது. 2016 ஆகஸ்டில் ஹலோ கேம்ஸ் வெளியிட்ட ‘நோ மேன்ஸ் ஸ்கை’ விளையாட்டில் 2-இன் 64-ஆம் அடுக்கு கோள்கள், 1.84 லட்சம் கோடி கோடி. ஒவ்வொன்றிலும் மலை, கடல், விலங்கு, செடி. வெளியான சில நாட்களிலேயே எழுந்த முக்கியக் குறை, பத்துக் கோள்களைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்ததுபோல் இருக்கிறது என்பதுதான். அதே ஆண்டில் கேட் காம்ப்டன் என்ற ஆய்வாளர் இந்தச் சிக்கலுக்கு ஓர் உவமை சொன்னார்: பத்தாயிரம் கிண்ணம் ஓட்ஸ் கஞ்சி. ஒவ்வொரு கிண்ணத்திலும் தானியத் துகள்கள் கிடக்கும் விதம் கணிதப்படி தனித்தன்மை உடையது. குடிப்பவருக்கு எல்லாம் கஞ்சிதான்.

ஹலோ கேம்ஸ் அதற்குப் பின் பல ஆண்டுகள் உழைத்து விளையாட்டை மீட்டது. அது கோள்களின் எண்ணிக்கையைக் கூட்டியதால் வந்த மீட்சியல்ல. வீடு கட்டலாம், சேர்ந்து ஆடலாம், பயணத்துக்குக் காரணங்கள் உண்டு என்று உறவுகளைக் கூட்டினார்கள்.

பிரேபனின் ஃபிரான்டியர் நிறுவனம் 2014 டிசம்பரில் வெளியிட்ட ‘எலீட் டேஞ்சரஸ்’ வேறு வழி போனது. அதில் நம் பால்வெளி மண்டலமே முழு அளவில் இருக்கிறது: 40,000 கோடி விண்மீன் தொகுதிகள். ஏறத்தாழ 1.6 லட்சம், வானியல் பட்டியல்களில் உள்ள உண்மையான விண்மீன்கள். மற்றவற்றை விதை எண் முளைக்கவைக்கிறது; ஆனால் விதி வெறும் கூட்டலல்ல. ஒரு பகுதியில் உள்ள பொருளின் நிறையும் வேதிக்கலவையும் எத்தகைய விண்மீன்களைப் பிறப்பிக்கும், அவற்றைச் சுற்றி எந்தத் தொலைவில் எவ்வகைக் கோள் உருவாகும் என்ற இயற்பியல் அதில் புகுத்தப்பட்டிருக்கிறது. அராஜகத்தில் வளம் இராது என்ற ஒரு பிட் நிபந்தனை வளர்ந்து எடுத்த பேருருவம் என்று அதைச் சொல்லலாம். அப்படியும் ஆட்டக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து இதுவரை பார்த்தது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

பழைய எலீட்டுக்குள் ஆட்டத்தைச் சேமிக்கும் கோப்பு ஒன்று உண்டு. அளவு 256 பைட். கேலக்ஸியின் விதைக்கு அதில் ஆறு பைட் போதும். ஆட்டக்காரர் எங்கே நிற்கிறார், கையில் எவ்வளவு பணம், என்ன சரக்கு, எத்தனை எதிரிகளை வீழ்த்தினார், காவலர் தேடும் குற்றவாளியா என்ற செய்திகளுக்கு அதைவிட அதிக இடம் தேவைப்பட்டது. ‘தீங்கற்றவர்’ என்ற பட்டத்தில் தொடங்கி, 6400 வெற்றிகளுக்குப் பின் ‘எலீட்’ ஆவதற்குள் ஒருவர் எடுத்த முடிவுகளை எந்த விதையிலிருந்தும் முளைக்கவைக்க முடியாது. கணக்கிட்டு மீட்டெடுக்கக்கூடிய எதையும் பிரேபனும் பெல்லும் சேமிக்கவில்லை. மீட்டெடுக்க முடியாதது ஆட்டக்காரரின் வரலாறு மட்டுமே என்பதால், இடமே இல்லாத அந்த எந்திரத்திலும் அதற்கு இடம் ஒதுக்கினார்கள்.